கையடக்கக் கீபோர்டில் ஆர்பெஜியேட்டர்: யாருக்குப் பயன்?

சின்ன மிடி கீபோர்டு வாங்கப் போகிறவர் பெட்டியின் மேல் ஆர்பெஜியேட்டர் என்ற சொல்லைப் பார்த்ததும் அதைக் கூடுதல் வசதியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார். அனுபவப்பட்ட வாசிப்பாளர்களில் பலர், விரல் பழகாதவர்களுக்கான குறுக்குவழி என்று அதை ஒதுக்குகிறார்கள். அந்த வசதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இரண்டு முடிவுகளும் தளர்ந்துவிடுகின்றன.

அது செய்யும் வேலை எளிது. சி, ஈ, ஜி என்று மூன்று கட்டைகளை அழுத்திப் பிடித்தால், மூன்றையும் சேர்த்து ஒலிக்காமல், குறித்த வேகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். 1978-இல் வந்த ரோலண்ட் ஜுபிடர்-4 சிந்தசைசரிலேயே இது உண்டு. இன்று 25 குட்டிக் கட்டைகள் கொண்ட அகாய் எம்பிகே மினி எம்கே3-யிலும் (2020), 32 கட்டைகள் கொண்ட ஆர்டூரியா கீஸ்டெப்பிலும் (2016) இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்தே எடைபோடுகிறேன். இரண்டும் பையில் அடங்குபவை, ஆனால் ஒரே வசதியை இரு வேறு நோக்கில் செய்தவை.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் இதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. 4/4 தாளத்தில் நோட்டுப் பிரிவை 1/16 என்று வைத்தால் ஒரு பாருக்கு 16 நோட்டுகள். கீழிருந்து மேலே ஏறும் ‘அப்’ முறையில் சி-ஈ-ஜி மூன்றும் சுழலும்போது முதல் பார் சி-யில் தொடங்கும், இரண்டாவது ஈ-யில், மூன்றாவது ஜி-யில். நான்காவது பாரில்தான் சி மறுபடி முதல் அடியில் வந்து விழும். ஆதி தாளத்துக்கு மேல் திஸ்ரக் கணக்கை ஓட்டிச் சமத்துக்கு வந்து சேரும் அதே இன்பம் இது. அதே மூன்று கட்டைகளை விடாமல் ‘எக்ஸ்க்ளூசிவ்’ முறைக்கு மாற்றினால், ஏறி இறங்கும்போது முனை நோட்டுகள் இரட்டிக்காது: சி-ஈ-ஜி-ஈ, நான்கு நோட்டுச் சுற்று. ஒவ்வொரு அடியிலும் சி வந்து உட்கார்ந்துவிடும், இழுவிசை போய்விடும். இப்போது நான்காவது விரலையும் வையுங்கள். ‘அப்’ நான்காகி அடங்கிவிடும், ‘எக்ஸ்க்ளூசிவ்’ ஆறாகித் தாளத்தைக் குறுக்கே வெட்டத் தொடங்கும். எத்தனை விரல் வைப்பது என்பதே இங்கே தாள முடிவு. இதைக் காதால் பிடித்தவர் கையில் ஆர்பெஜியேட்டர் ஒரு தாளக் கருவி.

இதனால் சோம்பல் என்ற குற்றச்சாட்டு பாதிதான் நிற்கிறது. ‘அப்’ முறை கட்டைகளைத் தானே வரிசைப்படுத்திக்கொள்கிறது; எந்த விரல் முந்தியது என்பது அதற்குப் பொருட்டில்லை. விரல் வேகத்தை அது வளர்க்காது, அதை மறுக்க முடியாது. ஆனால் கார்டு, அதாவது சேர்த்துப் பிடிக்கும் நோட்டுகளின் தொகுதி, மாற்றும்போது முழுக் கையையும் தூக்கி வைக்கிறோமா, பொதுவான நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு விரலை மட்டும் நகர்த்துகிறோமா என்பது பளிச்சென்று கேட்கும். தூக்கினால் சுற்று முதலிலிருந்து தொடங்கும், நகர்த்தினால் ஓட்டம் அறாது. இந்தத் தேர்வு வாசிப்பவருடையது.

இதைப் பயன்படுத்தும் எல்லோர் பாட்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்ற புகார் அதைவிட வலுக்குறைந்தது. ட்யூரன் ட்யூரன் குழுவின் ‘ரியோ’ பாடலில் (1982) நிக் ரோட்ஸ் ஜுபிடர்-4-இன் ஆர்பெஜியேட்டரை ‘ரேண்டம்’ முறையில் ஓட்டினார். அந்த முறை அந்தக் கருவி வாங்கிய எல்லோரிடமும் இருந்தது. ‘ரியோ’ என்று அடையாளம் தெரிவது அந்த ஒலியும் கார்டும் அமைந்த விதத்தால்.

உண்மையான குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. முதலாவது நேரம். மிடி கடிகாரம் ஒரு கால் நோட்டுக்கு 24 துடிப்புகளை அனுப்புகிறது, அதாவது ஒவ்வொரு 1/16-க்கும் 6 துடிப்புகள். கீபோர்டை அதன் உள் கடிகாரத்திலேயே விட்டுவிட்டுக் கணினியின் இசைப்பதிவு மென்பொருளைத் தனியே ஓட்டினால், இரண்டிலும் 120 என்று எழுதியிருந்தாலும் கட்டையை அழுத்திய கணத்தின் தாமதம் கடைசிவரை கூடவே வரும். வெளிக் கடிகாரத்துக்கு மாற்றாமல் இதைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் புதிதாக வாங்குபவருக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லை.

இரண்டாவது, கைக்கு எட்டும் தூரம். எம்பிகே மினியில் முறையையோ நோட்டுப் பிரிவையோ மாற்ற, ஆர்பெஜியேட்டர் பொத்தானைப் பிடித்துக்கொண்டே அதற்குரிய பெயர் பொறித்த கட்டையை அழுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வாசிப்பின் நடுவே இதற்கு இரண்டு கையும் போய்விடும். கீஸ்டெப்பில் முறைக்கு ஒரு குமிழ், நோட்டுப் பிரிவுக்கு ஒரு குமிழ், வேகத்துக்கு ஒரு குமிழ். கட்டைகளை விட்டாலும் ஓட்டத்தைத் தொடரவைக்கும் ‘ஹோல்டு’ போட்டுவிட்டால் ஒரு கை முழுதாக விடுபடும். 1/16-இலிருந்து 1/8-க்கு இறங்கி மறுபடி ஏறுவதை அதில் ஒரு சொல் சொல்வதுபோல் செய்யலாம். நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் விளையாட்டாக மாறுவது இந்த ஏற்பாட்டில்தான்.

மூன்றாவதுதான் தீர்ப்பைச் சாய்க்கிறது. கீபோர்டின் ஆர்பெஜியேட்டரைப் பதிவு செய்தால், மென்பொருளில் விழுவது உதிரி நோட்டுகள். பிடித்த கார்டு எங்கும் பதிவாவதில்லை. மறுநாள் ஒரு கார்டை மைனராக்க நினைத்தால் பதினாறு நோட்டுகளில் தேடித் திருத்த வேண்டும். மென்பொருளுக்குள் இருக்கும் ஆர்பெஜியேட்டரிலோ கார்டு கார்டாகவே நிற்கும், ஒரு நோட்டை இழுத்தால் போதும். இலவச காரேஜ்பேண்டிலேயே அது இருக்கிறது. எம்பிகே மினி எம்கே3-க்கு யுஎஸ்பி தவிர வேறு மிடி வெளிவாசல் இல்லை. ஆகவே அதன் நோட்டுகள் போய்ச்சேரும் இடம் பெரும்பாலும் இதைவிட நல்ல ஆர்பெஜியேட்டர் ஏற்கெனவே உள்ள கணினிதான்.

ஆகவே எம்பிகே மினியை அதன் பேடுகளுக்காகவும் விலைக்காகவும் வாங்கலாம், ஆர்பெஜியேட்டருக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. அதில் ஒரு மாலை முழுக்க மெட்டுத் தேடலாம். கிடைத்ததைக் கார்டாக மறுபடி பிடித்து மென்பொருள் ஆர்பெஜியேட்டர் வழியாகப் பதிவு செய்வதே புத்திசாலித்தனம். கீஸ்டெப்பின் கதை வேறு. பழைய ஐந்து முள் மிடி வாசலும், மாடுலர் கருவிகளுக்கான சிவி, கேட் வாசல்களும் அதில் உண்டு. கணினி இல்லாமல் ஒரு சிந்தசைசரை எதிரே வைத்து வாசிப்பவருக்கு, அதை வாங்க ஆர்பெஜியேட்டர் ஒன்றே போதுமான காரணம்.