தேரிக்காட்டில் ஜிம்னி

ஐந்து கதவு வண்டியில் நாலு பேருக்குத்தான் இடம் என்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. மாருதி ஜிம்னியை ஒரு சுற்றுச் சுற்றி வந்த மாமா, "பின்கதவையும் சேத்து எண்ணிட்டானுவளா மாப்ள?" என்று கேட்டார். சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். அவர் எங்கள் ஊரான புளியறையிலேயே இருந்துகொள்ள, மனைவி, மகள், அத்தையுடன் நான் தேரிக்காட்டுக்கு வண்டியை எடுத்தேன்.

இந்த வண்டியைச் சோதிக்க அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்கலாம். புளியறைக்கு ஜீப் புதிதில்லை. குண்டாறு அணைக்கு மேலே நெய்யருவிக்குக் கல்லும் சேறுமான பாதையில் சீசன் முழுக்க ஜீப்புகள் ஏறி இறங்குகின்றன. கேரள எல்லையான கோட்டைவாசலைத் தாண்டினால் எஸ்டேட் ஜீப்புகள். ஆனால் மலைப்பக்கம் நம் இஷ்டத்துக்கு வண்டி இறக்க ஒரு முழ நிலம் கிடையாது. இந்தப் பக்கம் காப்புக்காடு, அந்தப் பக்கம் செந்துருணி வனவிலங்கு சரணாலயம். தவிர, கல்பாதையில் சுமாரான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகூட ஒப்பேற்றிவிடும். வண்டியின் எடையும் டயரும் ஓட்டுபவரின் பொறுமையும் ஒருசேரத் தெரியவருவது மணலில்தான். தமிழ்நாட்டில் பாலைவனம் என்று கைகாட்ட ஓர் இடம் உண்டென்றால் அது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி.

அந்தத் தேரிக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு காற்று உறவு இருக்கிறது. குற்றாலத்துக்குச் சாரல் தரும் தென்மேற்குக் காற்று, செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நுழைந்து, ஈரத்தை மலையிலேயே விட்டுவிட்டு, வறண்டு கிழக்கே ஓடுகிறது. வழியில் வாரிய செம்மண்ணைக் கடலோரத்தில் குவித்ததுதான் தேரி என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். கடல் உள்வாங்கிக் கிடந்த காலத்தில் வெளிப்பட்ட மணலும் இதில் சேர்ந்தது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. மணல்துகளின் மேல் பூச்சாகப் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. அந்தக் காற்று வீசும் ஆனி, ஆடியில் அங்கே போகாதீர்கள். மணல் பறக்கும், கண் திறக்க முடியாது. வடகிழக்கு மழை ஓய்ந்த தை மாதம் நல்லது. நாங்கள் போனதும் அப்போதுதான்.

முதலில் காகிதக் கணக்கு. ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் சந்தைக்கு வந்தது. தொடக்க ஷோரூம் விலை அப்போது 12.74 லட்சம். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 105 பிஎஸ் திறன், 134 நியூட்டன் மீட்டர் டார்க். லாரிகளைப் போலத் தனிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்த உடல். முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில். தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் 210 மில்லிமீட்டர் இடைவெளி. எடை 1,200 கிலோவை ஒட்டி. அகலம் 1,645 மில்லிமீட்டர். இந்தக் கடைசி இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். தேரியில் வேலை செய்தவை அவைதான்.

தென்காசியிலிருந்து திருநெல்வேலி வரை நால்வழிச் சாலை. அங்கே ஜிம்னி தன் குறைகளையெல்லாம் மறைக்காமல் காட்டிவிடுகிறது. ஐந்தே கியர், நூறைத் தொட்டதும் ஆறாவது கியரைத் தேடிக் கை தானாகப் போகிறது. லாரியை முந்த வேண்டுமானால் ஒரு கியர் குறைத்து, இன்ஜினைக் கத்தவிட்டு, எதிர்ப்பக்கம் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. நெட்டுக்குத்தான உடல்மீது பக்கக்காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்கிறது. தையிலேயே இப்படி என்றால் ஆடியில் எப்படியோ. பின்சீட்டில் இருவர் காலை நீட்டிக்கொள்ளலாம், ஆனால் பின்னால் ஏசி வென்ட் கிடையாது. ஏறுவதற்குப் படியும் இல்லாததால் அத்தை கைப்பிடியைப் பற்றி, முழங்கையை என் தோளில் ஊன்றித்தான் ஏறினார். டிக்கி 208 லிட்டர். ஒரு தண்ணீர் கேன், மண்வெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரசர், கட்டுச்சோற்றுத் தூக்கு வைத்ததும் நிரம்பிவிட்டது. மகளின் பை அவள் மடியில்.

ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் தாண்டி உள்ளே திரும்பினால் வயல் பச்சை சட்டென்று அறுந்து சிவப்பு தொடங்குகிறது. குடை விரித்தாற்போல் உச்சி தட்டையான உடை மரங்கள், பனைகள், கொல்லாமரங்கள். குதிரைமொழித் தேரி காப்புக்காடு; வனத்துறைக்குச் சொந்தம். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டிருந்தோம். தார்ச்சாலையிலும் கோயில் பாதையிலும் தாராளமாகப் போகலாம், மணலுக்குள் வண்டி இறக்கக் கூடாது என்றார்கள். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவது குற்றம். துபாய் மணல்மேட்டில் வண்டியைப் பறக்கவிடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்களுக்கு இது கசக்கும். எனக்கு இந்தத் தடை சரி என்றே படுகிறது. தேரி நகராமல் நிற்பது அதன்மேல் வளர்ந்த மரம், புல், பூண்டின் வேரால். அந்த மேற்பரப்பைச் சக்கரம் கிழித்துவிட்டால் மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். 3,162 சதுர கிலோமீட்டர் பரந்த ஜெய்சல்மேர் தேசியப் பாலைவனப் பூங்காவில் கானமயிலைக் காப்பாற்றப் படாத பாடு படுகிறார்கள். நம் தேரி அதன் முன் கையகலம். கையகல இடம் தாங்கும் சக்கரத் தடமும் கொஞ்சம்தான்.

ஆகவே மணல் சோதனையை மனைவியின் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பட்டா நிலத்தில் வைத்துக்கொண்டோம். தேரி விளிம்பில் பனையும் கொல்லாவும் நிற்கும் விளை. நடுவில் மாட்டுவண்டித் தடம். "காலைலயே ஓட்டிருங்க மருமவனே. பனி ஈரத்துல மணல் இறுகிக் கெடக்கும். வெயில் ஏறிட்டுன்னா முங்கிரும்" என்றார் அவர். இந்த ஒரு வரி எந்த வண்டிக் கையேட்டிலும் இல்லை.

டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினேன். காற்று குறைந்தால் டயர் நீளவாக்கில் படிந்து எடையைப் பரப்புகிறது, மணலைத் தோண்டாது. 15-க்குக் கீழே போனால் திரும்பும்போது ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடும் அபாயம் உண்டு. டூ வீலிலிருந்து ஃபோர் வீலுக்கு ஓடும்போதே மாற்றலாம். அதற்குக் கியருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு லிவர் இருக்கிறது, பட்டன் இல்லை. இழுத்தால் பல்சக்கரம் பொருந்துவது உள்ளங்கையில் தெரிகிறது. லோ ரேஞ்சுக்கு மட்டும் வண்டியை நிறுத்தி, லிவரை அமுக்கியபடி மாற்ற வேண்டும்.

தடத்தில் ஃபோர் ஹை, இரண்டாம் கியர், ஒரே சீராக மிதித்த ஆக்சிலரேட்டர். ரவை மாதிரி நைசான மணல் சக்கரத்துக்கு இருபுறமும் வழிந்தது, வண்டி நிற்கவில்லை. இருபக்கமும் உடை முள் ஓர் அடி தள்ளி நின்ற இடத்திலும் கண்ணாடியை மடக்காமல் நுழைந்தது. மஹிந்திரா தார் ராக்ஸ் இங்கே வந்திருந்தால் பெயின்டில் கோடு விழுந்திருக்கும். அது 1,870 மில்லிமீட்டர் அகலம், எடையும் பல நூறு கிலோ கூடுதல். டீசல் இன்ஜினின் இழுவை ராக்ஸுக்குப் பலம்தான், ஆனால் மணலில் இழுவையைவிட எடைக்குறைவே முந்தி நிற்கிறது.

அடுத்து, வேண்டுமென்றே சரிவின் நடுவில் நிறுத்தினேன். மணலில் செய்யக் கூடாத காரியம் அதுதான். அதனால்தான் செய்து பார்க்க வேண்டும். கிளப்பியதும் பின்சக்கரங்கள் சுழன்று அரை அடி இறங்கின. "ஏட்டி, எறங்கி நடந்திருவோமா?" என்று அத்தை என் மகளைப் பார்த்தார். லோ ரேஞ்சில் போட்டதும், சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி தானாக விலகிக்கொள்கிறது. சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையை அனுப்பும் ஏற்பாடு டக் டக் என்று சத்தம் போட்டது. முன்னால் போக முயலாமல், வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெல்ல இறங்கினேன். மண்வெட்டி டிக்கியிலேயே கிடந்தது. முன்பக்க நுழைகோணம் 36 டிகிரி என்பதால் அடுத்த முறை அதே சரிவை நேராக ஏறியபோது பம்பர் மணலை உழவில்லை.

மதியம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். அத்தனை மணலுக்கு நடுவில் சுனை இருக்கும் இடம் அது. தேரி மழைநீரை உறிஞ்சிப் பிடித்து, பள்ளத்தில் மெல்ல விடுகிறது. அத்தைக்குப் பயணத்தில் பிடித்தது இந்த இடம்தான், வண்டி இல்லை. உடன்குடியில் கருப்பட்டி வாங்கிய பிறகு டிக்கியில் அதற்கு இடம் தேடியது தனிக் கதை.

தார்ச்சாலை ஏறுமுன் டயருக்குக் காற்றை முழு அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு நால்வழிச் சாலையில் பறந்தால் சூடேறி வெடிக்கும். சிறிய கம்ப்ரசர் நாலு டயரையும் நிரப்புவதற்குள் எல்லோரும் ஒரு சுற்றுப் பதநீர் குடித்து முடித்துவிட்டோம். மைலேஜ் நிறுவனக் கணக்கில் மேனுவலுக்கு 16.94, சாலையில் எனக்குப் பதினைந்தை ஒட்டிக் கிடைத்தது, மணலில் அதில் பாதிகூட இல்லை. டேங்க் 40 லிட்டர்தான் என்பதால் குரும்பூருக்கு முன்பே நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். செம்மண் தூசி கதவு ரப்பரின் பள்ளத்தில் உட்கார்ந்தால் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். சேறாகி இறுகும். காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

வீட்டுக்கு ஒரே வண்டி, ஐந்து பேர் குடும்பம், மாதம் ஒருமுறை மதுரைப் பயணம் என்றால் ஜிம்னி வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ஜீப் ஆசை வந்தால் குண்டாற்றில் வாடகைக்குப் பிடியுங்கள், செலவு மிச்சம். தோப்புக்கும் மலையடிவார வயலுக்கும் தினமும் போய்வருகிறவர், கூடவே நெடுஞ்சாலைக்கு இன்னொரு கார் வைத்திருப்பவர் தயங்காமல் வாங்கலாம். நாலு கியர் ஆட்டோமேட்டிக்கை விட்டுவிட்டு மேனுவலே எடுங்கள். ஃபோர் வீல் டிரைவ் ஸெட்டா, ஆல்ஃபா என்ற இரண்டு வகையிலும் ஒன்றுதான். ஆல்ஃபாவின் பெரிய திரைக்கும் அலாய் சக்கரத்துக்கும் தரும் கூடுதல் பணத்தில் நல்ல கம்ப்ரசர் ஒன்றும், அத்தை ஏற இரண்டு பக்கமும் படியும் வாங்கிப் போட்டுவிடலாம்.