வட்டத்தொட்டியும் கைப்பேசித் திரையும்

2020-ஆம் ஆண்டின் சாரல் காலத்தைக் குற்றாலத்தை அறிந்தவர் எவரும் மறந்திருக்கமாட்டார். பேரருவியும் ஐந்தருவியும் வழக்கம்போல் ஆர்ப்பரித்து விழுந்தன. அவற்றின் கீழே தலை கொடுத்து நிற்க மனிதர் இல்லை. நோய்த்தொற்றை முன்னிட்டுக் குளிக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தது. கடைத்தெரு அடைத்துக் கிடந்தது. அந்த மாதங்களில்தான் தென்காசியில் நாங்கள் சிலர் திங்கள்தோறும் கூடி நூல் படித்துவந்த சிறு வட்டமும் தன் வாடகை அறையை விட்டுக் கைப்பேசித் திரைக்குள் குடிபெயர்ந்தது. தடை நீங்கி அருவிக்கு மக்கள் திரும்பி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. எங்கள் வட்டமோ இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. "அறை வாடகை மிச்சம், அலைச்சல் மிச்சம், துபாயில் இருப்பவரும் வருகிறார், இனி எதற்கு அறை?" என்று அன்பர் ஒருவர் அண்மையில் கேட்டார். கேள்வி நேர்மையானது. அதற்கு விடை தேடும் முயற்சியே இக்கட்டுரை.

கூட்டம் என்பதைப் பற்றிப் பேச இந்த மண்ணைவிடத் தகுந்த இடம் வேறில்லை. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் நெல்லை வண்ணார்பேட்டையில் வாழ்ந்த நாட்களில், அவரது வீட்டின் நடுமுற்றமாகிய வட்டமான தொட்டிக்கட்டில் ஞாயிறு மாலைகளில் நண்பர்கள் கூடுவர். அந்த முற்றத்தின் பெயராலேயே 'வட்டத்தொட்டி' என்ற பெயர் கூட்டத்துக்கும் வந்தது. தலைவர், செயலாளர், நன்றியுரை என்ற ஏற்பாடுகளுக்காக அல்லாமல் பாட்டுக்காகக் கூடிய கூட்டம் அது. பின்னர் அவர் குற்றாலத்தில் வந்து தங்கியபோது வட்டமும் உடன் வந்தது. இராஜாஜி வந்தார், கல்கி வந்தார், நீதிபதி எஸ். மகாராஜன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன் ஆகியோர் அந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள். 1954-இல் ரசிகமணி மறையும்வரை குற்றாலத்துக்குப் போவது என்றால் சிலருக்கு அருவிக்குப் போவது; சிலருக்கு அவர் வீட்டுக்குப் போவது.

அங்கே என்ன நடந்தது? ஒரு பாடல். அதை அவர் விளக்குவதற்கு முன் சொல்லிக் காட்டுவார். சந்தம் எங்கே நிற்கின்றது, உணர்ச்சி எந்தச் சொல்லில் ஏறுகின்றது என்பதைக் குரலிலேயே காட்டி, அதே அடியை மீண்டும் சொல்வார். எதிரே இருப்பவரின் முகம் மலர்ந்ததா என்று பார்ப்பார். மலரவில்லையெனில் மறுபடியும் சொல்வார். பொருளுரையால் அன்றி இவ்வாறு கேட்பவர் முகத்தைக் கொண்டு பாட்டை நிறுத்துப் பார்த்ததே அவரது திறனாய்வு. ஆதலால் வட்டத்தொட்டியில் பேசியவர் ஒருவராக இருந்தாலும், "ஆகா" என்றவர்களும் அந்தத் திறனாய்வின் பங்காளிகள்.

இணையவழிக் கூட்டத்தின் முதற்குறை இவ்விடத்தில்தான் இருக்கின்றது. படம் தெளிவில்லை, இணைப்பு அறுகின்றது என்பன சிறு குறைகள்; அவை நாளடைவில் தீரும். கூட்டம் தொடங்கியதும் "அனைவரும் ஒலிவாங்கியை அணைத்து வையுங்கள்" என்ற அறிவிப்பு வருகின்றதே, அதைச் சொல்லுகின்றோம். அணைக்காவிட்டாலும் பயனில்லை. இத்தகைய செயலிகள் பேச்சல்லாத ஓசைகளை இரைச்சல் எனக் கொண்டு அடக்கும்படி அமைக்கப்பட்டவை. இருவர் ஒருசேரக் குரல் எழுப்பினால் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்திவிடும். தொலைத்தொடர்புத் துறையினர் உரையாடலுக்கு வகுத்த அளவுப்படி, குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 மில்லி விநாடிக்குள் சேர வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் பேச்சு ஒன்றோடொன்று முட்டத் தொடங்கும். ஊரடங்கு நாட்களில் பாடற்குழுவினர் சேர்ந்து பாட இயலாமல், ஒவ்வொருவரும் தனித்துப் பாடிப் பதிந்தவற்றைப் பின்னர் ஒருவர் ஒட்டவைத்தது இதனால்தான். ஆக, பெருமூச்சு, சிரிப்பு, "ம்" என்ற ஒற்றை ஒலி, சேர்ந்திசை ஆகிய அனைத்தும் இக்கருவியின் கணக்கில் இரைச்சல். ரசிகமணியின் கணக்கில் அவையே விளைச்சல்.

திரையில் பேசியவர்களுக்கு இந்த வெறுமை தெரியும். நாமும் பேசியிருக்கின்றோம். நகைச்சுவை ஒன்றைச் சொல்லிவிட்டு, பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்கள் இருபதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தவம். யாராவது கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினால் அதுவே அன்றைய அருள்.

இவ்வளவும் சொன்னபின், வட்டத்தொட்டியை ஒரு பொற்காலமாக்கி வணங்கிவிட்டுப் போவது எளிது. அதற்கு நம் மனம் ஒப்பவில்லை. அந்த வட்டத்தைச் சார்ந்தவராக நமக்குப் பெயர் தெரிந்து வருவோர் ஏறத்தாழ அனைவரும் ஆடவர். வழக்கறிஞர், அதிகாரி, பேராசிரியர், பத்திரிகையாளர். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒரு முற்றத்தில் அமர்வதற்குக் கல்வி வேண்டும், ஓய்வு வேண்டும், அழைப்பு வேண்டும். குற்றாலத்துக்கு வந்து தங்குவதற்குப் பணமும் வேண்டும். பிற்காலத்தில் கவிஞர் கலாப்பிரியா குற்றாலத்தில் 'பதிவுகள்' என்ற பெயரில் நடத்திய கவிதைச் சந்திப்புகள் தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றில் இடம்பெற்றவை. ஆனால் எந்த ஊரிலாயினும் இரவு தங்கும் இலக்கியக் கூட்டத்துக்கு வீட்டில் விடைபெற்று வர எத்தனை பெண்களால் இயன்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் உண்டு. இடுப்பெலும்பு முறிந்தபின் கட்டிலோடு இருப்பவர். அறையில் கூடிய காலத்தில் அவரை நாங்கள் மெல்ல மறந்துபோனோம். உண்மையை மறைப்பதில் பயனில்லை. திரைக்கு மாறிய முதல் மாதம் மகள் பிடித்துக்கொண்ட கைப்பேசியில் அவர் முகம் தோன்றியது. திரிகூடராசப்பக் கவிராயரைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மேலகரத்தில் பிறந்த அந்தப் பெண்மணி, அதே மேலகரத்துக் கவிராயரின் குறவஞ்சியை ஏடு பாராமல் பாடினார். இடையில் குரல் அறுந்தது, மீண்டும் வந்தது. எவரும் அசையவில்லை. நான்கு ஆண்டுகள் அந்தக் குரல் இல்லாமல் கூடிக்கொண்டிருந்தோமே என்று நமக்கு வெட்கமாயிருந்தது. நேரிற் கூடுவதே உண்மையான கூட்டம் என்று முழங்குவோர் முதலில் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

நேர்முகத்துக்கு வேறோர் ஆபத்தும் உண்டு. அதை எவரும் பேசுவதில்லை. முகமும் குரலும் அறிவை மயக்கவும் வல்லவை. கம்பனின் பாடல்களில் மிகப் பலவற்றை இடைச்செருகல் என்று ரசிகமணி ஒதுக்கினார். சிலவற்றில் சொற்களையும் மாற்றினார். 'இது கம்பன் குரல் அன்று' என்று அவர் தம் வாயால் சொல்லக் கேட்டவர்கள் ஒப்பினர். ஏட்டுச் சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு எட்ட இருந்த அறிஞர்களோ, 'சான்று எங்கே?' என்று கேட்டனர். அவர் ஒதுக்கியவற்றில் எவ்வளவு சரி என்பதன்று இங்கே கேள்வி. வட்டத்துக்குள் இருந்தவரால் கேட்க இயலாத கேள்வியை வெளியில் இருந்தவர் கேட்டார் என்பதே நாம் கவனிக்க வேண்டுவது. இணையவழிப் பேச்சைப் பதிந்து வைக்கலாம், நிறுத்தலாம், பின்னோக்கிச் சென்று, 'இந்த இடத்தில் இவர் சான்று தரவில்லை' என்று குறித்துக்கொள்ளலாம். பேச்சாளரின் கண் நம்மைப் பிடித்து வைத்திருக்கவில்லை. திறனாய்வுக்கு இந்தத் தொலைவு தீங்கன்று.

ஆனால் தொலைவு எதற்கெல்லாம் ஆகாது என்பதை 2021 நமக்குக் கற்றுத்தந்தது. அவ்வாண்டு மே 17-ஆம் நாள் கி. ராஜநாராயணன் புதுச்சேரியில் மறைந்தார். இடைசெவலில் பிறந்த அவரும் கு. அழகிரிசாமியும் ரசிகமணியின்பால் ஆழ்ந்த பற்றுக்கொண்டவர்கள். உடல் இடைசெவலுக்குக் கொண்டுவரப்பட்டு அரசு மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது. தொற்றின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. சில மணிநேரப் பயணத் தொலைவில் இருந்தும் நாங்கள் போகவில்லை. அடுத்த வாரங்களில் இணையவழி அஞ்சலிக் கூட்டங்கள் பல நடந்தன. சிலவற்றில் நாமும் இருந்தோம். கடல் கடந்த நாடுகளிலிருந்தெல்லாம் வாசகர்கள் வந்தனர். ஒரு மண்டபத்தில் இத்தனை நிலத்தார் ஒருபோதும் சேர்ந்திருக்கமாட்டார்கள். அது பெரிய காட்சிதான். எனினும் ஒருவர்பின் ஒருவராக ஐந்தைந்து நிமிடம் பேசி, 'நன்றி, அடுத்து' என்று நகர்ந்த அந்த வரிசையில் துக்கத்துக்கு இடமில்லை. இழவு வீட்டில் பேசாமல் அமர்ந்திருப்பவனுக்கும் ஓர் இடம் உண்டு. திரையில் பேசாதவன் இருந்தானா இல்லையா என்பதே தெரிவதில்லை. வாய்மொழியின் மதிப்பை வாழ்நாளெல்லாம் எழுதிக்காட்டிய ஒருவருக்கு இப்படி விடைகொடுக்க நேர்ந்தது இன்றும் நெஞ்சில் முள்ளாக இருக்கின்றது.

இந்த இதழின் வாசகர்கள் வேறோர் அனுபவத்தையும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். 2020-இல் ஆலயக் கதவுகள் அடைத்திருந்தபோது நாமும் திரையில் திருப்பலி கண்டோம். சாந்தா மார்த்தா இல்லச் சிற்றாலயத்திலிருந்து தம் காலைத் திருப்பலியை நாள்தோறும் உலகுக்கு ஒளிபரப்பச் செய்த திருத்தந்தை பிரான்சிஸ்தாமே, ஏப்ரல் 17-ஆம் நாள் மறையுரையில், சபையும் அப்பமும் அருளடையாளங்களும் இல்லாத நெருக்கம் ஆபத்தானது என்று எச்சரித்தார். ஒளிபரப்பையும் நிறுத்தவில்லை, எச்சரிக்கையையும் மறைக்கவில்லை. நோய்ப்படுக்கையில் இருந்தபடியே கிறிஸ்து பிறப்பு இரவு வழிபாட்டைக் கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் எனப்படும் அசிசி நகர்ப் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக 1958-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தந்தது எவ்வளவு பொருத்தம்! கிளாரா ஆலயத்துக்குப் போக விரும்பாதவர் அல்லர், போக இயலாதவர். இந்த வேறுபாடே நம் விவாதத்தின் ஆணிவேர். அறைக்கு வர இயலாத ஆசிரியைக்கும், வர விருப்பமில்லாத நமக்கும் ஒரே திரையைக் காட்டிவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்கின்றோம்.

தொலைவில் இருப்பவருக்கு நம் முன்னோர் என்ன செய்தனர்? புனித யோவான் தம் இரண்டாம், மூன்றாம் திருமுகங்களை முடிக்கும்போது, எழுத வேண்டியவை பல இருந்தும் மையைக் கொண்டு எழுதாமல் நேரில் வந்து பேசும் ஆவலைத் தெரிவிக்கின்றார். ஆயினும் அந்தக் குறுங்கடிதங்கள்தாம் நமக்குக் கிடைத்துள்ளன! ரசிகமணியும் வட்டத்துக்கு வர இயலாத நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். இன்று நூலாகக் கிடைக்கும் அக்கடிதங்களைப் படிப்போர் ஒன்றைக் காணலாம். அவை கூட்டத்தின் நகல் அல்ல. சாரலையும் விருந்தையும் ஒரு செய்யுளையும் சேர்த்து, ஒரே ஒருவருக்காக எழுதியவை. முற்றத்தில் ஆற்றிய உரையை அப்படியே எழுதி உறையிலிட்டு அனுப்பியிருந்தால் எவரும் பத்திரப்படுத்தியிருக்கமாட்டார்கள்.

வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியும் நினைவுக்கு வருகின்றது. பிலிப்பைன்சிலிருந்து சிற்றலையில், இரைச்சலுக்கிடையே ஏறி இறங்கி வந்த குரல் அது. ஆயினும் அதைக் கேட்டவர்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுதினர்; ஒருவரையொருவர் தேடிச் சந்தித்தனர்; முகமறியாக் குரல் முகங்களைச் சேர்த்துவைத்தது. 2018-இல் சிற்றலை நின்று அப்பணி இணையத்துக்கு மாறியது. ஒலி இப்போது தெளிவாக இருக்கின்றது. பக்கத்துத் தெருவில் கேட்பவர் யாரென்று தேடும் ஆவல் அதே அளவில் இருக்கின்றதா என்பதை வாசகர்களே சொல்ல வேண்டும்.

ஆகவே, திரை தவறென்று நாம் சொல்லவில்லை. அறையில் நடப்பதைத் திரைக்குள் திணிப்பதைத்தான் தவறென்கின்றோம். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என்று மண்டபத்திலேயே சலிப்பூட்டும் சடங்குகளைக் கண்ணாடித் துண்டுக்குள் அடைப்பானேன்? கட்டணமில்லாக் கணக்கில் சூம் செயலி 40 நிமிடமே இடம் தருகின்றது என்று முறையிடுவோர் பலர். நான்கு பேர் ஒரு செய்யுளைப் படிக்க 40 நிமிடம் தாராளம். அது கடிதத்துக்கு நெருங்கிய வடிவம். நாற்பது பேர் கூடி ஒரு நூலுக்காக மோத வேண்டுமானால் தென்காசிக்குப் பேருந்தில்தான் வர வேண்டும்.

அறை எதற்கு என்று கேட்ட அன்பருக்கு இதையெல்லாம் சொன்னோம். அவர் முழுதும் ஒப்பவில்லை. துபாயில் இருப்பவரை என்ன செய்வது என்றார். அவருக்காக மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு திரையில் ஒரு சிறு வாசிப்பு என்று முடிவாயிற்று. ஆசிரியையைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் எல்லாரும் தயங்கினோம். அறைக்குத் திரும்பினால் அவர் மீண்டும் மறதிக்குள் போய்விடுவார். முக்காலியில் ஒரு கைப்பேசியைச் சாத்தி வைத்து அவரைப் 'பங்கேற்க'ச் செய்வது எங்களுக்கே பிடிக்கவில்லை.

சென்ற மாதம் எழுவர் மேலகரத்துக்கு அவர் வீட்டுக்கே போனோம். கட்டிலைச் சுற்றி இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, மற்றவர்கள் தரையில். அன்று சாரல் ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்ததால் அவர் இரண்டு முறை பாட்டை நிறுத்தி, "கேட்கிறதா?" என்றார். நன்றாகக் கேட்டது. அடுத்த முறை முத்தொள்ளாயிரம் படிக்க வேண்டும், எல்லாரும் நூலோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். எங்களில் மூவரிடம் நூல் இல்லை.