கியூபெக் மாகாணக் கல்வியமைப்பு: ஓர் ஆய்வு

கனடாவின் ஏனைய மாகாணங்களிற் பள்ளிப்படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு முடிவுறும். கியூபெக்கில் மட்டும் பதினொன்றாம் வகுப்போடு முடிவுறும். இதுகொண்டு அம்மாகாணத்தார் ஓராண்டு குறையக் கற்கின்றனர் எனக் கருதுதல் பொருந்தாது. 5 வயதிற் பாலர் வகுப்பு, பின் ஆரம்பப் பள்ளியில் 6 ஆண்டு, இடைநிலைப் பள்ளியில் 5 ஆண்டு. அதன்மேல் 'சேஜெப்' எனப்படும் பொதுக் கல்லூரி. பல்கலைக்கழகம் புக விழைவோர் அங்கு 2 ஆண்டும், தொழில்நுட்பம் பயில்வோர் 3 ஆண்டும் கற்பர். முன்னையோர் மேலும் 3 ஆண்டிற் பட்டம் பெறுவர். கூட்டிப் பார்ப்பின், பள்ளியில் 12 ஆண்டும் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டும் கற்கும் ஒன்ராறியோ மாணவனுக்கும் இவனுக்கும் கணக்கு ஒன்றே.

இவ்வமைப்பின் சிறப்பு அக்கல்லூரியிலேயே உளது. 1960 களுக்கு முன்னர், கத்தோலிக்கக் குருமார் நடாத்திய எட்டாண்டுக் கல்லூரிகளே பிரெஞ்சு மொழியாளர்க்குப் பல்கலைக்கழக வாயிலாய் இருந்தன. தொழிலாளியின் பிள்ளை அவ்வாயிலை அணுகுதல் அரிது. 1875 முதற் கல்வி அமைச்சே இல்லாதிருந்த மாகாணம் அது! 1961 இல் நியமிக்கப்பெற்ற பரான் ஆணைக்குழு இந்நிலையை மாற்ற வழிகூறிற்று. 1964 இல் அமைச்சு அமைந்தது. 1967 இல் முதற் 12 பொதுக் கல்லூரிகள் திறக்கப்பெற்றன. முழுநேரம் பயிலும் மாகாணவாசிகள் அங்குப் படிப்புக் கட்டணம் செலுத்துவதில்லை. பிரெஞ்சுக் கல்லூரியிற் பௌதிகம் பயில்பவனும் தாதித்தொழில் பயில்பவளும் இலக்கியத்தோடு தத்துவமும் கற்றேயாதல் வேண்டும். தாதிக்குத் தத்துவம் எதற்கென வினவுவார் எம்மிடையும் உளர். நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பவளுக்கன்றி வேறு யாருக்கு அது வேண்டும் என்பேன்.

1977 ஆம் ஆண்டு மொழிச்சட்டத்தின்படி, குடிவரவாளர் பிள்ளைகள் பெரும்பாலும் இடைநிலை முடியும்வரை பிரெஞ்சிலேயே கற்றல் வேண்டும். மொன்றியல் வாழ் தமிழ்ப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். 2022 ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலக் கல்லூரிகளில் இடத்தையும் வரையறுத்தது.

ஆயினும், என் குறை மொழி பற்றியதன்று. பதினேழு வயதில் அனைவர்க்கும் பொதுவாயில் சமைத்தவர்கள் பன்னிரண்டு வயதில் வேலி அடைக்க இடங்கொடுத்துவிட்டனர். 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனியார் பள்ளிகள் அரசாங்க மானியம் பெறலாயின. இன்று இடைநிலை மாணவருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் அவற்றிற் பயில்கின்றனர். அவற்றுட் பல நுழைவுப் பரீட்சை வைத்தே பிள்ளைகளைத் தெரிகின்றன. கெட்டிக்காரரை இழக்க அஞ்சிய அரசாங்கப் பள்ளிகளும் தெரிவு முறையிற் சிறப்பு வகுப்புகளைத் தொடக்கின. எஞ்சியோர்க்குச் சாதாரண வகுப்பே கதி. கனடாவிற் சமத்துவம் மிகக் குறைந்த பள்ளியமைப்பு தம்முடையதே என அம்மாகாணத்துக் கல்வி உயர் மன்றமே 2016 இல் எச்சரித்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் நாம் இதனைக் கண்டு வியத்தற்கில்லை. நானும் அப்பணியைச் செய்தவனே.

மானியத்தை நிறுத்துக என்பார் அங்குப் பலர். அரசாங்கப் பள்ளிகளின் தெரிவு வகுப்புகளைத் தொடாது அதனை மட்டுஞ் செய்வின், வேலி ஒரு வீதியிலிருந்து மறு வீதிக்கு நகரும், அவ்வளவே.