உடலசைவு வீடியோ விளையாட்டுக்களும் இளையோர் நீரிழிவும்

பிள்ளைகளைக் கதிரையிற் கட்டிப்போட்டவை வீடியோ விளையாட்டுக்களே என்று நெடுங்காலம் பழி கூறப்பட்டது. அப்பழியைத் துடைக்க வந்தவைபோலத் தோன்றின, உடலை அசைத்தாலன்றி ஆடமுடியாத புதுவகை விளையாட்டுக்கள். 1998இல் யப்பானிற் பிறந்த 'டான்ஸ் டான்ஸ் ரெவலூசன்' மிதிபலகையில் ஏறியோரைத் துள்ளவைத்தது. 2006இல் வெளிவந்த நின்ரெண்டோவின் 'வீ' பொறி, கைக்கருவியை வீசி ரெனிஸ் ஆடச்செய்தது. உடற்பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் உற்ற இளையோர்க்கு இவை மருந்தாகுமெனப் பலர் நம்பினர். அந்நம்பிக்கை ஆராயத்தக்கது.

அதற்கு அடிப்படை இல்லாமலில்லை. தொழிற்படுந் தசை, இன்சுலினின் துணையின்றியும் குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளிழுக்கும். எனினும் இந்நன்மை ஓரிரு நாளிலே தேய்ந்துவிடும். ஆகவே, பிள்ளை இன்று எவ்வளவு வியர்த்தான் என்பதிலும், அடுத்த மாதமும் ஆடுவானா என்பதே முதன்மையான வினா.

இவ்விடத்திலேதான் இவ்விளையாட்டுக்கள் இடறுகின்றன. 2007இல் வெளிவந்த லிவர்ப்பூல் ஆய்வில், 'வீ' ஆடிய இளையோர் இருந்தாடியபோதிலும் மிகுந்த சக்தியைச் செலவிட்டனர். ஆயினும் அது மெய்யான ரெனிசுக்கு ஈடாகவில்லை. 2012இல் வெளிவந்த ஹியூஸ்ரன் ஆய்வோ இன்னுங் கசப்பானது. ஒருசார் பிள்ளைகளுக்கு உடலசைவு விளையாட்டுக்களையும் மற்றையோர்க்கு இருந்தாடுவனவற்றையும் வழங்கி, ஏறத்தாழ 13 வாரம் அவர்தம் அசைவைக் கருவிகொண்டு அளந்தனர். இரு சாராரிடையே வேற்றுமை காணப்படவில்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டாற் பிள்ளை தானே ஓடுவான் என்பது பெரியோர் காணுங் கனவுபோலும்!

2018இல் வெளிவந்த லூசியானா ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எடைமிகுந்த 46 பிள்ளைகளிற் பாதிப்பேருக்கு, 24 வாரத்துக்குப் பொறியோடு ஆடவேண்டிய ஒழுங்கும், திரைவழியே உரையாடும் பயிற்றுநரின் துணையும் கிடைத்தன. வயதுக்கேற்ப மதிப்பிட்ட அவர்தம் பருமன் குறைந்தது. ஹியூஸ்ரனில் இல்லாது இங்கே இருந்தவர், நலம் விசாரிக்கும் அப்பயிற்றுநரே. ஆகவே நன்மையைப் பொறியின் கணக்கில் மாத்திரம் எழுதுதல் முறையன்று.

ஆயினும், அது நீரிழிவாளரைக்கொண்டு நடத்திய ஆய்வன்று. இரண்டாம் வகை நீரிழிவுற்ற 699 இளையோரை ஐக்கிய அமெரிக்காவில் ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு கடுமையானது. மெற்போமின் மட்டும் உட்கொண்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குருதிக் குளுக்கோசு கட்டுக்கடங்கவில்லை. அம்மருந்தோடு உணவு, உடற்பயிற்சி ஆகியவற்றில் ஊக்கமாகப் பயிற்றப்பட்டோரும் அவர்களினும் குறிப்பிடத்தக்க மேம்பாடு அடையவில்லை. மனிதர் அருகிருந்து பயிற்றியதற்கே பயன் இவ்வளவாயின், விளையாட்டை நீரிழிவுக்கு மருந்தென விற்பது துணிச்சலான செயலே.

இனி, லூசியானாப் பிள்ளைகள் ஆடிய 'கினெக்ற்' கருவியின் உற்பத்தி 2017இலேயே நிறுத்தப்பட்டது. ஆய்வு அச்சேறியது அதற்கு மறுவருடம்.