அம்மா வாசிக்காத கடிதம்

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் புலம்பெயர் இலக்கியம் நடத்தும்போது ஓஷன் வுவாங்கின் நாவலிலிருந்து சில பக்கங்களை நானே தமிழாக்கி வகுப்புக்குக் கொண்டுபோனேன். 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘ஆன் எர்த் வீ ஆர் பிரீஃப்லி கார்ஜியஸ்’. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வளர்ந்த வியத்நாமிய இளைஞன் ஒருவன் தன் தாய்க்கு எழுதும் நீண்ட கடிதம் அது. தாய்க்கு வாசிக்கத் தெரியாது. நான் உருகி உருகி வாசித்து முடித்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கிற தைரியத்துலதான மேம் இவ்ளோவும் எழுதுறான்?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கேட்டதைக் கதைசொல்லியும் ஒளிக்கவில்லை. அவள் வாசிக்கமாட்டாள் என்பதால்தான் சொல்ல முடிகிறது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அம்மா தன்னை அடித்தது, பாட்டியின் மனம் பிறழ்ந்தது, தான் ஓர் ஆணைக் காதலித்தது எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கின்றன. ஒப்புக்கொண்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா என்பதுதான் அந்த மாணவியின் கேள்வி. புலம்பெயர்ந்தோர் எழுத்தைப் பற்றிப் பேசும் நாம், ‘தாய்தான் பண்பாட்டைக் கட்டிக்காப்பவள்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அவள் கேட்டபிறகு இந்த நூல்களை மறுபடி வாசித்தேன். அந்தத் தாய்மார்களின் கையில் முழுசாக ஒரு பண்பாடு எப்போது இருந்தது?

வுவாங்கின் நாவலில் வரும் தாய் ரோஸ், போர்க்காலத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்கு வியத்நாமியப் பெண்ணிடம் பிறந்தவள். வெளுத்த தோலோடு பிறந்த குற்றத்துக்காக ஊர்ப் பிள்ளைகள் அவள்மேல் எருமைச் சாணத்தைப் பூசுகிறார்கள், பழையபடி பழுப்பாகட்டும் என்று. ஐந்து வயதில் அவளுடைய பள்ளிக்கூடம் அமெரிக்க நேபாம் குண்டுவீச்சில் இடிந்துபோகிறது. அதன்பிறகு அவள் வகுப்பறைக்குள் கால் வைக்கவே இல்லை. ஆக, அவளுடைய தாய்மொழியே ஒரு குழந்தையின் அளவோடு நின்றுபோன மொழி. சொந்த மண் ஏற்றுக்கொள்ளாத பெண் அவள். அமெரிக்காவில் இறங்கியதும் அவளைத்தான் மகனுக்கு ‘வியத்நாமாக’ இருக்கச் சொல்கிறோம்.

இன்னொரு காட்சி. சமையலுக்கு மாட்டுவால் வாங்கக் கடைக்குப் போகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு என்ன சொல் என்று யாருக்கும் தெரியாது. தாயும் பாட்டியும் மாடுபோல நடித்துக்காட்டுகிறார்கள், கடைக்காரர்கள் சிரிக்கிறார்கள், கடைசியில் ரொட்டியும் மயோனைஸும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். அன்றோடு பேசுகிற பொறுப்பு பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது. (பாட்டி அவனைக் ‘குட்டி நாய்’ என்றுதான் கூப்பிடுகிறாள். கெட்ட ஆவி தூக்கிப்போகாமல் இருக்க மட்டமான பெயர். குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

ரோஸ் நகப்பூச்சுக் கடையில் வேலை செய்பவள். இந்தத் தொழிலுக்குத் தனி வரலாறு உண்டு. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தபிறகு, கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ அருகே ஓர் அகதி முகாமில் இருந்த 20 வியத்நாமியப் பெண்களுக்கு நகம் திருத்தும் வேலையைக் கற்பிக்க ஏற்பாடு செய்தவர் நடிகை டிப்பி ஹெட்ரன், ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ படத்தின் நாயகி. தன்னுடைய நக அலங்காரக்காரரையே அழைத்துவந்தார். இன்று அமெரிக்காவில் இத்தொழிலில் இருப்பவர்களில் பெரும் பங்கு வியத்நாமியர்கள்தான். புலம்பெயர் பண்பாடு என்றதும் ஃபோ சூப்பையும், தெத் புத்தாண்டையும், கால்சட்டைமேல் அணியும் நீண்ட ஆவ்யாய் உடையையும் படம்பிடிக்கிறோம். ஆனால் இந்தப் பெண்களின் பகல்கள் அசிட்டோன் நெடியில், இன்னொரு பெண்ணின் காலடியில் குனிந்தபடி போகின்றன. அந்தக் கடையில் ‘மன்னிக்கவும்’ என்பதே ஒரு கருவி என்று நாவல் காட்டுகிறது. தவறு செய்ததால் கேட்கும் மன்னிப்பு அல்ல அது. டிப்ஸ் விழுவதற்காகக் கேட்பது. இந்நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் இவைதாம். மகன் தன்னை மறந்து அம்மாவின் வேலையைப் பார்க்கிறான்.

மாணவியின் கேள்விக்கு இலக்கணத்திலும் ஒரு விடை இருக்கிறது. வியத்நாமிய வீட்டில் பிள்ளை தாயிடம் பேசும்போது ‘நான்’ என்று சொல்வதில்லை. ‘கொன்’ என்கிறது, அதாவது ‘பிள்ளை’. அக்காவிடம் பேசினால் ‘தம்பி’ அல்லது ‘தங்கை’ ஆகிவிட வேண்டும். உறவுக்கு வெளியே நின்று பேச வீட்டுக்குள் இடம் கிடையாது. ஆங்கிலத்தின் ‘ஐ’யில் உறவு இல்லை, வயது இல்லை, பணிவு இல்லை. எழுதுகிற பிள்ளைக்குத் தைரியம் கொடுத்தது தாயின் எழுத்தறியாமை மட்டுமல்ல, அந்த ஒற்றை எழுத்தும்தான்.

தி புய்யின் சித்திர நூலான ‘தி பெஸ்ட் வீ குட் டூ’ (2017) இந்த இடத்தில் இன்னும் நேர்மையானது என்பது என் கருத்து. 1975இல் சைகோனில் பிறந்து, 1978இல் குடும்பத்தோடு படகேறி, மலேசிய முகாம் வழியாக அமெரிக்கா போனவர் அவர். நூல் அவருடைய சொந்தப் பிரசவத்தில் தொடங்குகிறது. தாயாகிற வலியில் படுத்துக்கொண்டுதான் தன் தாயை நினைக்கத் தொடங்குகிறார். அந்தத் தாய் நிறைமாத வயிற்றோடு படகேறியவர். முகாமில் பிள்ளை பெற்றவர். இதையெல்லாம் தியாகக் கதையாக வரைந்திருக்கலாம். புய் அதற்கும் முன்னால் போகிறார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த, கல்யாணத்தைவிடப் படிப்பையும் சுதந்திரத்தையும் விரும்பிய ஒரு பெண்ணை வரைகிறார். அந்தப் பெண்ணின் கனவில் மகளுக்கு இடமில்லை. அதை ஒரு மகள் வரைவது எளிதல்ல.

ஒரு சின்னச் செய்தி போகிற போக்கில் வருகிறது. அம்மாவை அழைக்க வடக்கில் ‘மெ’, தெற்கில் ‘மா’. அவருக்குப் பிடித்தது ‘மெ’. கனமான, கௌரவமான சொல். பிள்ளைகளுக்குப் பிடித்தது ‘மா’. பிள்ளைகள்தான் ஜெயித்தார்கள். நாடு பறிபோனதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும் விமர்சனங்கள், ஒரு பெண் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று விரும்பினாளோ அது சொந்த வீட்டிலேயே பறிபோனதைக் கவனிப்பதில்லை.

கிம் துயியின் ‘ரு’ பற்றி ஒரே ஒரு சொல். பிரெஞ்சில் எழுதப்பட்டு 2009இல் வந்த நூல். ‘ரு’ என்றால் பிரெஞ்சில் சிற்றோடை, வியத்நாமில் தாலாட்டு. அதில் வரும் தாய் கனடாவில் 55 வயதில்தான் வாழவே தொடங்குகிறாள், நடனம் கற்றுக்கொள்கிறாள். பண்பாட்டைக் காப்பவளாக மட்டுமே தாயைப் பார்க்கும் கட்டுரைகளில் இந்த நடனத்துக்கு இடம் இருக்காது.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்த மாணவி என்னை விடமாட்டாள். என் முதல் தொகுப்பில் அம்மாவின் அடுப்படியைப் பற்றி ஒரு கவிதை உண்டு. பாராட்டுப் பெற்ற கவிதை. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர்; எழுத்துக்கூட்டி வாசிப்பார். புத்தகத்தைக் கொடுத்தபோது மஞ்சள் தடவிச் சாமி மாடத்தில் வைத்தார். நான் பிரித்துக் காட்டவில்லை. அவர் பிரிக்காததில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அப்பாவின் குடி, அம்மா பசியோடு எங்களுக்குப் பரிமாறியது எல்லாம் அதில் இருந்தன.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது வாசித்துக்காட்டினேன். பதினெட்டு வருஷம் கழித்து. அம்மா மொச்சை உரித்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“எல்லாம் சரிதான். ஆனா அது வெங்கலப் பானை இல்லடி, அலுமினியம். வெங்கலத்த அதுக்கு முந்தின வருசமே நான் வித்துட்டேன். உங்கப்பாவுக்குத் தெரியாம, உன் பரீட்சைப் பணத்துக்கு. அதை எழுதலையா நீ?”