நீலமாகிப்போன இலைகள்

அகமதாபாத்திலுள்ள காலிகோ துணி அருங்காட்சியகத்துக்குப் போய் வரும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "ஒரே இருட்டுங்க, ஒண்ணும் சரியாத் தெரியல." சாராபாய் குடும்பத்தார் 1949இல் நிறுவிய இடம் அது. முன்பதிவு செய்தவர்களைக் குறைந்த எண்ணிக்கையில்தான் உள்ளே விடுவார்கள், படம் எடுக்கக் கூடாது, விளக்கும் மங்கல். இந்தக் கெடுபிடி நியாயந்தானா என்று ஒரு ஜவுளி வியாபாரியின் கணக்கில் பார்ப்போம்.

கடைக்காரர் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. ஷோகேஸ் பொம்மைக்குக் கட்டிய சேலையைச் சில மாதம் கழித்துக் கழற்றினால் வெளிப்பக்கம் ஒரு நிறம், மடிப்புக்குள் ஒரு நிறம். கிழிசலைத் தைக்கலாம், கறையை எடுக்கலாம். போன நிறத்துக்கு மருந்து கிடையாது. இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் நீர்வண்ண ஓவியங்களை வைத்து இதை முறையாக ஆராய்ந்து 1888இலேயே அறிக்கை கொடுத்துவிட்டார்கள்.

கணக்கு எளிது. வெளிச்சத்தை நேரத்தால் பெருக்கினால் வருவது சேதம். நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். அலுவலக மேசைக்கு 300 முதல் 500. எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 வரை தரலாம். துணிக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 லக்ஸ்தான் வழக்கமான வரம்பு. அதிலும் நாளுக்கு 8 மணி, வருடத்துக்கு 300 நாள் என்றால் 1,20,000 லக்ஸ் மணி ஏறிவிடுகிறது. புற ஊதாக் கதிரைச் சேர்க்காமலே, வருடம் முழுதும் அந்த மங்கலில் ஏறுவது ஒன்றேகால் மணி நேர வெயிலில் ஏறிவிடும். ஆக, மங்கல் விளக்கும் சேதத்தை நிறுத்துவதில்லை, தள்ளிப்போடுகிறது.

நம்ம ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் சோழமண்டலக் கரையிலிருந்து அள்ளிப்போன வண்ணத் துணிகளில் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது, நீலம் அவுரியிலிருந்து. இரண்டும் கெட்டிச் சாயம். பச்சை வேண்டுமென்றால் நீலத்தின்மேல் மஞ்சள் பூசுவார்கள். அந்த மஞ்சள் வெளிச்சத்துக்கும் தாங்காது, சலவைக்கும் தாங்காது. இன்று பழந்துணிகளில் பூங்கொடிக்கு நீல இலை இருப்பதைப் பார்த்து "என்ன கற்பனை!" என்று வியக்கிறவர்கள் உண்டு. தொழிலாளி போட்டதென்னவோ பச்சை இலைதான்.

ஆகவே மங்கல் வெளிச்சம் சரியே. என் ஆட்சேபணை வேறு. விளக்கைக் குறைத்ததோடு கடமை முடிந்தது என்று நம் நாட்டுக் காட்சிக்கூடங்கள் பலவும் இருந்துவிடுகின்றன. இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டுகிறது. என்னைப் போன்ற கிழவர்கள் காசு கொடுத்து இருட்டைப் பார்க்கவா போகிறோம்? வெயிலிலிருந்து வருகிறவரை நுழைவில் ஒரு மங்கலான கூடத்தில் சற்று உட்கார வைக்கலாம். விவரச் சீட்டைப் பெரிய எழுத்தில் வைக்கலாம். ஆள் வரும்போது மட்டும் எரியும் விளக்கு வைத்தால் எரியும் நேரம் மிச்சமாகும். அந்த மிச்சத்தில் ஓரிரு நிமிடம் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் தரலாம். சில மாதத்துக்கொரு முறை துணியை உள்ளே எடுத்து வைத்து வேறொன்றைக் காட்டலாம். "எல்இடி வந்தாச்சு, புற ஊதா கிடையாது, கவலையில்லை" என்பாரை மட்டும் நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே, அதிலும் அதன் நீலப் பகுதி, சாயத்தை வெளுக்கும்.

குஜராத்தின் சமண நூல் பண்டாரங்களில் சுவடிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, ஞான பஞ்சமியன்று வெளியே எடுத்துத் துடைத்துப் பூசித்துவிட்டு, மறுபடி உள்ளே வைப்பார்கள். அவற்றின் சித்திரங்கள் நூற்றாண்டுகள் கடந்தும் பளிச்சென்றிருக்க அந்த இருட்டும் ஒரு காரணம். காப்பதும் காட்டுவதும் ஒரே கையால் நடந்தது.

அடுத்த முறை பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது, கண் பழகட்டும் என்று ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். அந்த நீல இலையைக் காட்டி, அதன் கதையையும் சொல்லுங்கள். வீட்டில் பாட்டியின் கல்யாணப் புடவையைச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தால், இன்றைக்கே இடம் மாற்றிவிடுங்கள்.