நிவாரணமும் நிலமும்

திருகோணமலையைப் பற்றி எழுத முற்படுவோர் அதன் துறைமுகத்தை வியந்தே தொடங்குவது வழக்கம். பிரித்தானியக் கடற்படை 1957இல் அத்துறையை விட்டு நீங்கிய பின்னும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் யார் கையில் இருப்பது என்ற பேச்சு ஓயவில்லை. துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் வாழும் உழவரும் மீனவரும் இப்பேச்சில் இடம்பெறுவதில்லை. அவர்கள் இடம்பெறுவது நிவாரண அறிக்கைகளிலே. அங்கே அவர்களுக்கு இடப்பட்டிருக்கும் பெயர் 'பயனாளிகள்'.

இச்சொல்லை நாம் சற்று ஆராய்தல் வேண்டும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்கும் போருக்கும் பின்னர் கிழக்கிலங்கையின் பொதுவாழ்வில் ஆழ வேரூன்றிய சொற்களுள் இது ஒன்று. பயனாளி என்பவன் பெறுபவன். அவன் கேட்பவனாக இருக்க வேண்டியதில்லை. அவனுக்குத் தோணி கொடுக்கலாம், ஆடு கொடுக்கலாம், அவன் மனைவிக்குத் தையல் இயந்திரம் கொடுக்கலாம். கொடுத்ததைப் படம்பிடித்துக் கணக்கை முடிக்கலாம். அவனுடைய வயல் இன்று யார் வசம் இருக்கிறது என்ற வினாவுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

இவ்விடத்திலேதான் திருச்சபைகளின் பங்கு நம் கவனத்துக்கு உரியதாகிறது. முஸ்லிம்கள், தமிழ் இந்துக்கள், சிங்கள பௌத்தர் என்ற பெருந்தொகுதிகளுக்கிடையே இம்மாவட்டத்துக் கிறிஸ்தவர் சிறுதொகையினரே. எனினும் தொகைக்கு மிஞ்சிய பொறுப்பொன்று அவர்தம் குருமாரின் தலையில் விழுந்தது. இதற்குக் காரணம் தெய்வீகமானதன்று. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற பின்னும் கட்டடம், வாகனம், ஆங்கிலம், வெளிநாட்டுத் தொடர்பு, சோதனைச் சாவடியில் ஓரளவேனும் மதிப்புப் பெறும் வெள்ளை அங்கி ஆகியன அவர்களிடம் இருந்தன. இடதுசாரிக் கட்சிகளிடம் இவை இருக்கவில்லை. அதனினும் முக்கியமாக, 1964இல் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தினுள் நுழைந்து, அதன் தலைவர்களுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வாவே 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பை ஆக்கித் தந்த பின்னர், கிழக்கின் தமிழ் உழவனிடம் முகங்காட்டும் தகுதியை அத்தலைமை இழந்திருந்தது. வெற்றிடத்தில் பாதிரியார் வந்து நின்றார் என்று குறைகூறுவோர், அவ்விடம் எவ்வாறு வெற்றிடமாயிற்று என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்கள்.

அங்கியும் எல்லாரையும் காத்துவிடவில்லை. 1988 ஜூனில் மட்டக்களப்பில் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக்கொல்லப்பட்டார். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அமெரிக்க யேசுசபைக் குரு யூஜின் ஹெபர்ட், உடன்சென்ற தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். அன்று மட்டக்களப்பும் திருகோணமலையும் ஒரே மறைமாவட்டம். 2012இலேயே அவை பிரிந்தன. ஹெபர்ட்டின் சபையைச் சேர்ந்த ஹாரி மில்லர் அடிகளார், மட்டக்களப்புச் சமாதானக் குழுவிலிருந்து காணாமற்போனோரின் விபரங்களைப் பதிந்து வைத்தார்.

பெயரைப் பதிவது சிறிய செயலென்று எண்ணலாகாது. வன்னியைப் பற்றி மன்னார் மேற்றிராணியார் இராயப்பு யோசேப்பு செய்ததும் இதுவே. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். பின்னர் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். இப்புள்ளிகளையே எடுத்துக் கழித்து, எஞ்சிய 146,679 பேர் எங்கே என்று 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் கேட்டார். சாதாரணக் கழித்தல் கணக்கு. அதற்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. திருச்சபை தன் வரலாற்றில் உயர்ந்து நின்ற இடங்களுள் இதனையும் ஒன்றாக நாம் மதிக்கிறோம்.

அதே திருச்சபையின் மற்றொரு கரம் நிவாரணம் வழங்கியது. கரித்தாஸ் நிறுவனமும் அதன் கிழக்குக் கிளையான எகெட்டும் அகதிக்கு உணவும் கூரையும் தந்தன. இதனை இகழ்வது வயிறு நிரம்பியவன் செய்யும் விமர்சனம். நம் வினா வேறு. கூரை தந்த பின், கூரைக்குக் கீழுள்ள மண்ணைப் பற்றிப் பேசினார்களா?

சம்பூரை நோக்குவோம். 2006 ஏப்ரிலில் தொடங்கிய தாக்குதல்களால் மூதூர் கிழக்கு மக்கள் பெயர்ந்தனர். வாகரை வழியாக மட்டக்களப்புக்குச் சென்றோர் பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களுக்குக் கொணரப்பட்டனர். 2007 மே மாதம் அவர்தம் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. தொடர்ந்து கடற்படைக்கு ஒரு பகுதி, அனல்மின் நிலையத்துக்கு ஒரு பகுதி, முதலீட்டுக் கம்பனிக்கு 818 ஏக்கர் என நிலம் கூறுபட்டது. வேறிடத்தில் குடியேறுங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. பலர் மறுத்தனர். ஓட்டைக் கூரையின் கீழ் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தனரேயன்றி மாற்றிடத்தை ஏற்கவில்லை. நிவாரண மொழியில் இவர்கள் ஒத்துழையாத பயனாளிகள். நம் மொழியில் இவர்களே அவ்வூரின் தலைவர்கள். 2015இல் 818 ஏக்கரும், 2016 மார்ச்சில் கடற்படை வசமிருந்த 237 ஏக்கரும் விடுவிக்கப்பட்டன. அனல்மின் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரிலில் சூரியசக்தி மின்திட்டம் ஒன்றுக்கு அங்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. புகையில்லாத ஆலை நல்லதே. ஆனால் மேய்ச்சல் நிலத்தைக் குறித்து ஊராரிடம் கேட்கும் கடமை புகையோடு போய்விடுவதில்லை.

'நல்லிணக்கம்' என்ற சொல்லும் இவ்வாறே உரசிப் பார்க்கத்தக்கது. 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். சந்தேகநபர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டனர். அதே 2006 ஆகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட பதினேழு தொண்டுப் பணியாளருக்கும் நீதி கிட்டவில்லை. சர்வமதக் குழுவினர் ஒரே மேடையில் குத்துவிளக்கு ஏற்றுவதை நாம் எதிர்க்கவில்லை. விளக்கின் ஒளி வழக்கேட்டின் மீதும் விழ வேண்டும் என்கிறோம்.

கடற்கரையில் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைப்பது பழைய வழக்கம். அவர்களுட் பெரும்பாலார் கத்தோலிக்கர். ஆகவே வாடியிலிருப்பவனும் தன் கரைவலைப்பாடு சுருங்குகிறதே என்று ஏங்கும் உள்ளூர்க் கத்தோலிக்கனும் ஒரே பூசைக்கு வரக்கூடும். இருவரையும் சகோதரரே என்று விளிப்பது எளிது. வாடிக்குரிய கரையை ஒதுக்குபவர் யார், அதில் உள்ளூர்ச் சங்கத்துக்கும் அயலிலுள்ள முஸ்லிம் மீனவருக்கும் என்ன குரல், சுருக்குவலையையும் வெடிமருந்தையும் தடுப்பவர் யார், அவ்வலைகளின் பின்னேயுள்ள முதலாளி எவ்வூரில் இருக்கிறான்? நீர்கொழும்பிலும் குச்சவெளியிலும் ஒரே ஞாயிறன்று இவ்வினாக்களை இரு மொழியிலும் எழுப்பக்கூடிய நிறுவனங்கள் இத்தீவில் மிகச் சிலவே. அவற்றுள் திருச்சபையும் ஒன்று. எழுப்பினால் மேற்குக்கரைப் பங்குகளின் செல்வர் சிலர் மனங்கோணுவர் என்பதை நாம் அறிவோம், குருமாரும் அறிவர்.